நானூறு பேர் வந்த முட்டுச்சந்து

ஈசூன், சிங்கப்பூர்
9.2.2025

அக்கா,

கடைசியாக நான் கடிதம் எழுதியது பள்ளித் தேர்வில்தான். அதுவும் இல்லாத ஒரு நண்பனுக்கு. நீ என் எண்ணைப் போனில் அடைத்துவிட்டாய். அத்தானைக் கூப்பிட்டால், "உங்கக்கா பக்கத்துலதான் இருக்கா தம்பி, அப்புறம் பேசு லா" என்று குசுகுசுக்கிறார். தபால்காரரை உன்னால் அடைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

பொங்கலன்று சாந்தினியின் பையிலிருந்து அந்த விளம்பரத் தாள் விழுந்தது தற்செயல். நாங்கள் எதையும் மறைக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் புது வீடு பதிந்த செய்தியைச் சொல்லலாம் என்றிருந்தேன். நீ பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியைப் பாதியில் கீழே வைத்துவிட்டு, "எனக்கு எதிரா வீடு வாங்கிட்டு என் வீட்லயே வந்து சாப்பிடுறியா?" என்று என் மாமியார் முன்னால் கேட்டாய். சாந்தினிக்கு அது தலைப்பொங்கல். திரும்பி வரும்போது சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசல் முடியும் வரை அழுதுகொண்டே வந்தாள்.

ஜோகூரில் எத்தனையோ இடத்தில் வீடு கட்டுகிறார்கள். உலு திராமில், உன் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த செம்பனைத் தோட்டத்தில் வீடு வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பதிந்தேன். உன் வீட்டுத் தெருவை, அந்த ஜாலானை, நீட்டி அந்தப் பக்கம் சேர்க்கப்போகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் வரைபடத்தில் காட்டினார்கள். அப்படியானால் என் வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு ஐந்து நிமிடம். உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வாங்கினேன். நீ அதைத் துரோகம் என்கிறாய்.

அந்த ரோடு வராவிட்டால் சாவி கொடுக்க வருடக்கணக்காகும் என்று கம்பெனியில் சொல்கிறார்கள். கொஞ்சம் யோசி அக்கா.

ரூபன்

உலு திராம்
21.2.2025

ரூபேந்திரனுக்கு,

தபால் வந்தது. சிங்கப்பூர் முத்திரையைப் பார்த்துவிட்டு, "லாட்டரியாக்கா?" என்றார் தபால்காரர். தலைவலி என்றேன்.

சாந்தினி அழுதது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. அவளிடம் அக்கா வருத்தப்பட்டாள் என்று சொல். உன்னிடம் வருத்தம் தெரிவிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஐந்து நிமிடம் என்கிறாய். அந்த ஐந்து நிமிடம் உனக்கு மட்டுமா? அங்கே வரப்போவது எண்ணூறு வீடு. அத்தனை காரும் பெரிய சாலைக்குப் போவதும் வருவதும் என் வாசல் வழியாகத்தான். கம்பெனிக்குத் தன் நிலத்திலேயே கோத்தா திங்கி சாலைப் பக்கம் வழி இருக்கிறது. அங்கே ஒரு ஓடைக்குப் பாலம் கட்ட வேண்டும். பாலத்துக்குச் சோம்பல்பட்டு எங்கள் ஜாலானின் கடைசி வேலியை உடைத்துக்கொண்டு வரப் பார்க்கிறார்கள்.

அப்பா ரெங்கம் எஸ்டேட்டை விட்டு வந்து இந்தக் கடைசி வீட்டை வாங்கியபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "போயும் போயும் முட்டுச்சந்துலயா வாங்குவாரு சதாசிவம்?" என்று என் காதுபடவே பேசினார்கள். அப்போது நீ பால்புட்டி. அந்த முட்டுச்சந்துதான் இன்று வரைக்கும் இந்த ஜாலானுக்கே மண்டபம். காக் ரொகாயா மகளுக்கு நிக்காஹ் விருந்து அங்கே நடந்தது. ஆ செங் தன் தகப்பனைப் பெட்டியில் வைத்து மூன்று நாள் பூஜை செய்தது அங்கே. நம் அப்பாவைக் கிடத்தியதும் அங்கேதான். யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் மற்ற எல்லாரும் காரை அடுத்த ஜாலானில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நாற்காலி தூக்க வருவோம். இதற்குப் பிறகு பந்தலை எங்கே போடுவது? உன் எண்ணூறு கார்களின் தலைமேலா?

குடியிருப்பாளர் சங்கத்துக்கு இப்போது நான் செயலாளர். காலையில் பள்ளி வேன் ஓட்டிவிட்டு வந்து வீடு வீடாகப் போய் ஆட்சேபத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். மாற மாட்டேன். நீ வேண்டுமானால் வீட்டை மாற்றிக்கொள்.

கஸ்தூரி

ஈசூன்
9.3.2025

செயலாளர் அவர்களுக்கு,

பதவிக்கு வாழ்த்துகள். ஊரார் பந்தல் மேல் இருக்கிற அக்கறையில் கால்வாசி தம்பி குடும்பத்தின் மேல் இருந்திருக்கலாம்.

நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. இன்னொருவர் வீட்டில் ஓர் அறை. அடுப்படியில் எங்களுக்கு ஒரு மூலை. வீட்டுக்காரம்மாள் தாளிப்பு வாசனை ஆகாது என்றதால் சாந்தினி கடுகு வெடிக்கவிட்டு மாதக்கணக்காகிறது. எனக்கென்று ஒரு கதவு வேண்டும் என்று நினைத்தது குற்றமா? வருடத்துக்கு நாலு தடவை போடும் பந்தலுக்காக நாங்கள் இப்படியே கிடக்க வேண்டுமா?

மண்டபத்துக்கு வாடகை கொடுத்தால் ஏர்கோனோடு கல்யாணம் செய்யலாம் அக்கா. உலகம் எங்கேயோ போய்விட்டது. நீ அந்த முட்டுச்சந்தைக் கட்டிக்கொண்டு இரு.

இன்னொரு செய்தி. சாந்தினி உண்டாகியிருக்கிறாள். புரட்டாசியில் என்கிறார் டாக்டர். உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சண்டைக்குக் கீழே ஒட்டி எழுதும்படி ஆகிவிட்டது.

ரூபேந்திரன்

உலு திராம்
30.3.2025

ரூபனுக்கு,

இப்படி ஒரு செய்தியைக் கடைசியில் எழுதுகிறவனை எந்தப் பிரம்பால் அடிப்பது? உன் கோபத்தையெல்லாம் நின்றபடியே படித்துக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அத்தான் கடைக்குப் போய் ஜிலேபி வாங்கிவந்து ஜாலான் முழுக்கக் கொடுத்துவிட்டார். யாரோடு சண்டை, எதற்குச் சண்டை என்பதெல்லாம் அந்த மனுஷருக்கு மனசில் நிற்பதே இல்லை. சாந்தினியைப் புளிப்பு கேட்டால் கொடுக்கச் சொல். உன் எண்ணை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் நீ குரல் உடைந்து பேசுவாய், நான் மசிந்துவிடுவேன். எனக்கு மே மாதம் மாநகர் மன்றத்தில் விசாரணை இருக்கிறது. அதுவரை திடமாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு கூத்து நடந்திருக்கிறது. கேள்.

ரோட்டை நீட்டலாம் என்பதற்குக் கம்பெனி ஒரு போக்குவரத்து அறிக்கை கொடுத்திருக்கிறது. பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நம் எதிர்வீட்டு வைத்தியலிங்கம் ஐயா அதைப் படித்தார். எங்கள் ஜாலானில் இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினார்களாம். மொத்தம் முப்பத்தொரு வண்டிதான் வந்ததாம். இந்தச் சாலை சும்மா கிடக்கிறது, எண்ணூறு வீட்டையும் தாங்கும் என்று முடிவு எழுதியிருக்கிறார்கள். என் பள்ளி வேன் ஒன்றே நாளுக்கு ஆறு தடவை போய் வருகிறது! ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை, எந்த நாளிலை எண்ணினவை எண்டு பாரும்" என்றார்.

போன ஆவணியில் ஒரு சனி, ஞாயிறு. உன் கல்யாணப் பந்தல் போட்டு ஜாலானையே அடைத்திருந்த சனி, ஞாயிறு!

மஞ்சள் அங்கி போட்ட இரண்டு பேர் ஜாலான் முனையில் குடை விரித்து உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா? மாப்பிள்ளைக்கு எங்கே நினைவிருக்கும்! ரோட்டை அடைக்க நாங்கள் மன்றத்தில் பெர்மிட் எடுக்கவில்லை. இந்த ஜாலானில் யாருமே எடுத்ததில்லை. பக்கத்து வீடுகளுக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்னால் அதுதான் பெர்மிட். அத்தான் அவர்களைப் பார்த்ததும் பதறிப்போய், "அலமாக்! மன்றத்து ஆளுங்க வந்துட்டாங்க. ஒண்ணும் கேக்காத கஸ்தூரி. முதல்ல உட்கார வச்சு சோறு போடு. சாப்பிட்ட வாய் சம்மன் எழுதாது" என்றார். முதல் பந்தியிலேயே இலை போட்டு உட்காரவைத்தோம். வடை ரசம் பாயசம் எல்லாம் கேட்டுக் கேட்டுப் பரிமாறினேன். போகும்போது பழப்பையும் கொடுத்து அனுப்பினேன். நம் ஜாலானைப் பறிக்க வந்த கணக்கை நாமே விருந்து வைத்து வழியனுப்பியிருக்கிறோம்.

இதை விசாரணையில் சொல்லப்போகிறோம். ஆனால் ஆட்சேபித்தவர்கள் நாங்களே சொன்னால் எடுபடாது, படத்தைக் காட்டினால் வேறு நாளில் எடுத்தது என்பார்கள் என்கிறார் ஐயா. "அந்தக் கம்பெனியிட்டை வீடு வாங்கின ஒருத்தர் சொன்னால் மறுக்கேலாது. மாப்பிள்ளையே சொன்னால் இன்னும் விசேஷம்" என்றார். மாப்பிள்ளைக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றேன்.

ரூபா, நான் உன்னிடம் கேட்கவில்லை. நன்றாகப் படித்துக்கொள், கேட்கவில்லை. நீ எழுதிக் கொடுத்தால் உன் வீடு தள்ளிப்போகும், பந்தல் போட்டதற்கு அபராதச் சம்மனும் உன் பெயருக்கே வரும். பிள்ளை வரப்போகிற நேரத்தில் உன் வீட்டைப் பிடுங்கி என் ஜாலானைக் காப்பாற்றுகிற அளவுக்கு நான் தாழ்ந்துவிடவில்லை. செய்தி சொன்னேன், அவ்வளவுதான்.

அக்கா

ஈசூன்
13.4.2025

அக்கா,

முப்பத்தொரு வண்டி என்பதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். சாந்தினியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"லாயாங் லாயாங்லேருந்து எங்க ஆளுங்க ரெண்டு பஸ் பிடிச்சு வந்தாங்க. ரோடு அடைச்சிருக்குன்னு சுராவ் பள்ளிவாசல் கிட்ட இறங்கி, பட்டுப்புடவையோட சீர்த்தட்டத் தூக்கிட்டு வெயில்ல நடந்து வந்தாங்க. அன்னிக்கு அந்த ரோட்ல ஒருத்தரும் இல்லைன்னு எவனோ எழுதுவான், நீங்க சிரிப்பீங்களா?" என்றாள்.

அதற்கப்புறம் எனக்கும் சிரிப்பு வரவில்லை. நம் பக்கத்திலும் அவள் பக்கத்திலும் சேர்த்து நானூறு பேருக்குக் குறையாது. அப்பா இல்லாத குறை தெரியக்கூடாது என்று ரெங்கத்திலிருந்து அவருடைய பழைய ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். கல்யாணம் என்றால் இப்படி நடக்க வேண்டும் என்று என் சிங்கப்பூர் சிநேகிதன் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தான். நான் என் வாழ்க்கையில் தலை நிமிர்ந்து நடந்த நாள் அது. அந்த நாளைத்தான் சும்மா கிடந்த ரோடு என்று எழுதியிருக்கிறார்கள்.

நேற்று லீவு போட்டு ஜோகூர் பாருவுக்கு வந்தேன். சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போட்டு வைத்தியலிங்கம் ஐயா பெயருக்கு அனுப்பிவிட்டேன். கல்யாணப் பதிவுச் சான்றிதழின் நகலும் உள்ளே இருக்கிறது. உன் வீடு வரை வந்து எட்டிப் பார்க்காமல் திரும்பியது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் நீ கூப்பிடவில்லையே.

இதை உனக்காகச் செய்தேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே. உன் மேல் இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது. என் கல்யாணத்துக்கு யார் வந்தார்கள் என்று நான்தான் சொல்ல வேண்டும். அதனால் செய்தேன்.

விசாரணையன்று வர முடியாது. சாந்தினிக்கு இரத்த அழுத்தம். பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ரூபன்

உலு திராம்
15.5.2025

அன்புத் தம்பிக்கு,

சாந்தினியிடம் தினமும் போனில் பேசுகிறேன் என்பது உனக்குத் தெரியும். உப்பைக் குறைத்தாளா என்று கேட்டுக்கொள்கிறேன். உன்னிடம் பேசாததற்குக் காரணம் இப்போது கோபம் இல்லை. விசாரணையைப் பற்றிப் போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய். முழுசாக எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருபத்தைந்து பேர் போனோம். என் பள்ளி வேனில் பாதி, ஆ செங்கின் லாரியில் பாதி. காக் ரொகாயா எல்லாருக்கும் நாசி லெமாக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி, எல்லாரும் புவான் என்றுதான் கூப்பிட்டார்கள். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். கம்பெனி வக்கீல் திரையில் கோடு கோடாகப் படம் காட்டினார். அதில் நம் ஜாலான் ஒரு சிவப்புக் கோடு. வீடு, மாமரம், மனுஷர் ஒன்றும் இல்லை.

வைத்தியலிங்கம் ஐயா உன் வாக்குமூலத்தை மலாயில் வாசித்தார். நீ எழுதியிருந்த கடைசி வரிகளை வாசிக்கும்போது நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "அந்தப் புது வீடமைப்பில் நானும் ஒரு வீடு வாங்கியிருக்கிறேன். இந்தச் சாலை வராவிட்டால் என் வீடு தாமதமாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்கிறேன். அன்று அங்கே என் கல்யாணம் நடந்தது."

வக்கீல் விடவில்லை. பந்தல் போட்டதற்கு பெர்மிட் எங்கே என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். "பெர்மிட் இல்லை புவான். சம்மன் போட்டால் கட்டுகிறோம். ரோட்டை அடைத்தது உண்மை. அடைத்த ரோட்டில்தான் இவர்கள் வண்டி எண்ணினார்கள் என்பதும் உண்மை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வக்கீலுக்குப் பின்னால் அறிக்கை எழுதியவர்களின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அன்று மஞ்சள் அங்கி, இன்று வெள்ளைச் சட்டை. முகம் எனக்கு மறக்குமா? இரண்டு கரண்டி பாயசம் ஊற்றிய முகம். புவான் அவரையே நேராகக் கேட்டார்: அங்கே பந்தல் இருந்ததா?

அவர் வக்கீலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பெத்துல், புவான்," என்றார். இருந்தது என்றார். "எண்ணச் சொன்னார்கள், எண்ணினோம். பந்தலை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை." அதோடு, "நாங்கள் அங்கே சாப்பிட்டோம்," என்றார். ஆ செங் பின்னாலிருந்து, "துவா காலி!" என்று கத்தினான். இரண்டு தரம் சாப்பிட்டார்களாம். புவானே சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். வெளியே வந்ததும் அந்த ஆளிடம் போய்க் கும்பிட்டேன். பாவம், அவருக்கு வேலையில் என்ன சொல்வார்களோ.

முடிவு இன்னும் வரவில்லை. எப்படி வந்தாலும் நீ எனக்கு எழுதிய முதல் கடிதத்துக்கு இப்போது பதில் சொல்கிறேன். நீ என் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டு வாங்கினாய். அது எனக்குப் பொங்கலன்றே புரிந்தது. புரிந்துதான் அவ்வளவு கோபம் வந்தது. அந்த ரோட்டை மட்டும் வெறுக்க நினைத்தேன், அது உன் வழியாக இருந்து தொலைத்தது.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். இரவில் கூப்பிடாதே, வேனுக்கு விடிகாலையில் எழ வேண்டும்.

அக்கா

ஈசூன்
20.7.2025

அக்கா,

போனில் நாம் தினமும் பேசினாலும் இதை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

முடிவு உனக்கு வந்த அதே நாளில் வீடு வாங்கிய எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் கம்பெனி செய்தி அனுப்பியது. உங்கள் ஜாலானை நீட்ட மன்றம் அனுமதிக்கவில்லை, கோத்தா திங்கி சாலைப் பக்கம் பாலம் கட்டித்தான் வழி, ஆகவே சாவி தாமதமாகும் என்று. குழு கொதித்தது. திருச்செல்வம் என்று ஒருவர், "யாரோ ஒரு மாப்பிள்ளை எழுதிக் குடுத்தானாம். எவன்டா அவன்?" என்று போட்டார்.

பேசாமல் இருந்திருக்கலாம். "நான்தான்" என்று போட்டேன். என்ன நடந்தது என்று முழுக்க எழுதினேன். சம்மன் வந்ததையும், அதைக் கட்டிவிட்டதையும் சொன்னேன். திட்டினார்கள். ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார். நான் போகவில்லை.

மறுநாள் காலையில் நிர்மலாதேவி என்று ஒரு டீச்சர் வேறு ஒன்று கேட்டார். "அதெல்லாம் சரி, நம்ம வீட்ல ஒரு விசேஷம்னா இங்க எங்க பந்தல் போடுறது?" அப்புறம்தான் எல்லாரும் வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். எண்ணூறு வீட்டுக்கும் ஒரு பொதுத் திடல் இருந்தது. இப்போது அதையும் சுருக்கி ஒரு வரிசைக் கடை கட்ட மன்றத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். அறிவிப்புப் பலகை நட்டாயிற்றாம். நேற்றுத் திட்டிய அதே திருச்செல்வம்தான், "மாப்பிள்ள, நீங்கதான் இதுல அனுபவசாலி" என்கிறார். என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள்.

அக்கா, இந்த ஆட்சேபக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது? முதல் வரியில் என்ன போட வேண்டும்?

ரூபன்

உலு திராம்
3.8.2025

செயலாளர் தம்பிக்கு,

இத்தனை நாள் எனக்கு ஆட்சேபம் மேல் ஆட்சேபமாக எழுதினவனுக்கு ஆரம்பிக்கத் தெரியவில்லையாம்! நாங்கள் மன்றத்துக்குக் கொடுத்ததன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வைத்தியலிங்கம் ஐயா உன் வரைபடத்தையும் பார்க்கிறேன் என்றார். காக் ரொகாயா கையெழுத்து வாங்க வரத் தயார். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நாம் ஏன் உதவ வேண்டும் என்று ஆ செங் கேட்டான். அந்தப் பக்கம் என் தம்பி பக்கம் என்றேன்.

பாலம் கட்டினாலும் நீ பெரிய சாலையைச் சுற்றித்தான் இங்கே வர வேண்டும். இருபது நிமிடம் ஆகட்டும், வா. வளைகாப்புக்கு நாள் பார்த்துவிட்டேன், சாந்தினியின் அம்மாவிடமும் பேசியாயிற்று.

முதல் வரியில் உன் பெயரைப் போடு. முழுசாகப் போடு: ரூபேந்திரன் த/பெ சதாசிவம். அதற்குக் கீழே என்ன வேண்டாம் என்பதையும், என்ன வேண்டும் என்பதையும் எழுது.

விசாரணையன்று நடந்த ஒன்றை உனக்கு எழுதாமல் விட்டுவிட்டேன். வைத்தியலிங்கம் ஐயா உன் வாக்குமூலத்தை வாசிக்க எழுந்து, முதலில் அந்தப் பெயரைத்தான் வாசித்தார். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் நான் மட்டும் எழுந்து நின்றுவிட்டேன். அத்தான் என் சேலையைப் பிடித்து இழுத்து, "இப்ப எதுக்கு நிக்கிற? உன்னக் கூப்பிடலையே" என்றார்.

"என் தம்பி பேர வாசிக்கிறாங்க" என்றேன்.

அக்கா